மலையில் மண்ணைக் காத்தால் கையில் காசு... கோமுகி அணைக்கு இது சரிப்பட்டு வருமா? முழு விளக்கம்

கள்ளக்குறிச்சியில் நெல்லும் கரும்பும் விளைய வேண்டும் என்றால், முதலில் கல்வராயன் மலையில் மழை பெய்ய வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். அந்த மழை விழும் நிலத்தை மேலே இருப்பவர் எப்படி வைத்திருக்கிறார் என்பதுதான் கீழே வரும் தண்ணீரின் தலையெழுத்து என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

"மேலே நிலத்தைக் காப்பாற்றுகிறவருக்கு, கீழே தண்ணீர் அனுபவிக்கிறவர் காசு கொடுக்கணும்." கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஆனால் நியூயார்க் நகரம் இதைச் செய்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு சின்ன நகராட்சி செய்தது. பக்கத்தில் கேரளா வேறொரு வடிவத்தில் செய்கிறது. கல்வராயன் மலைக்கு இது பொருந்துமா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இது அரசு அறிவித்த புதுத் திட்டம் பற்றிய செய்தி இல்லை. விண்ணப்பம் எங்கே என்று தேட வேண்டாம்.

46 அடிக்குள் என்ன நடக்குது?

கல்வராயன் மலையில் பெய்யும் மழை பொட்டியம், கல்படை, பரங்கிநத்தம், மாயம்பாடி ஓடைகள் வழியாக இறங்கி கச்சிராயபாளையம் அருகே உள்ள கோமுகி அணைக்கு வருகிறது. 1960களில் கட்டிய அணை. உயரம் 46 அடி, கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 1,585 கோடி லிட்டர். இதை நம்பி 10 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். அதே மலைத் தண்ணீர்தான் 36 அடி உயர மணிமுக்தா அணைக்கும் போகிறது. மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டத்துக் கரியகோவில் அணைக்கும் இதே மலைதான் ஆதாரம்.

டிவியில் "அணை நிரம்பியது, 46 அடியை எட்டியது" என்று செய்தி ஓடும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அடிக்கணக்கு சொல்வது தண்ணீரின் மேல்மட்டத்தை. அடியில் எவ்வளவு வண்டல் உட்கார்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. மலையில் இருந்து மண் வர வர, அளவுகோல் அதே 46 அடியைக் காட்டும். உள்ளே நிற்கிற தண்ணீர் மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறையும். அணையைத் தூர்வார வேண்டும் என்று ஆயக்கட்டு விவசாயிகள் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

தூர்வாருவது செலவு பிடித்த வேலை. அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி. மேலே மண் கரைவதை நிறுத்தாமல் கீழே அள்ளிக்கொண்டே இருந்தால் அந்த வேலை முடியவே முடியாது.

மண் எங்கிருந்து வருது?

கல்வராயன் மலை சமதளம் இல்லை. சுமார் 2,000 அடியில் இருந்து 4,000 அடி வரை ஏறி இறங்கும் நிலம். இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களின் பழைய பயிர் சாமை போன்ற சிறுதானியங்கள். (பெயரைப் பார்த்து கேரளத்தவர் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ்.) இன்று சரிவுகளில் அதிகம் தெரிவது மரவள்ளி. ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு.

ஏன் மரவள்ளி? காரணம் எளிது. சேலம், ஆத்தூர் பக்கத்து சேகோ, ஸ்டார்ச் ஆலைகள் வாங்கிக்கொள்ளும். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை போடுவார்கள். விலை ஏறும், இறங்கும். ஆனாலும் மொத்தமாகக் கையில் காசு வரும். சாமை வயிற்றுக்கு ஆகும், பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகாது.

மண்ணின் பக்கத்தில் இருந்து பார்த்தால் கணக்கு வேறு. நட்ட முதல் சில மாதங்கள் செடிக்குச் செடி இடைவெளியில் வெறும் மண் தெரியும். அறுவடையில் செடியை வேரோடு பிடுங்கி எடுக்கணும். அதாவது சரிவு நிலத்தை வருஷா வருஷம் கிளறிப் போடுவது. அங்கே கல் வரப்போ, குறுக்கே புல் வரிசையோ இல்லை என்றால் ஒரு நல்ல மழைக்கு மேல்மண் ஓடையில் இறங்கும். ஓடை நேராக அணைக்கு.

இதைச் சொன்னதும் "அப்போ மலை விவசாயிதான் குற்றவாளி" என்று முடிவு கட்டுவது வழக்கம். அது தப்பு. அவர் தன் நிலத்தில், சந்தை கேட்கிற பயிரைப் போடுகிறார். நஷ்டம் கீழே இருப்பவருக்கு என்றால், அதைத் தடுக்க மேலே இருப்பவர் தன் வருமானத்தை ஏன் சும்மா விட்டுக்கொடுக்கணும்? இந்தத் திட்டங்கள் எல்லாமே இந்த ஒரு கேள்வியில் இருந்து பிறந்தவைதான்.

அப்படின்னா 'சூழல் சேவைக்கான கட்டணம்' என்றால் என்ன?

பேமென்ட் ஃபார் ஈகோசிஸ்டம் சர்வீசஸ் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். காடு, புல்வெளி, வரப்பு கட்டிய வயல், ஊற்றுக்கண் இவை எல்லாம் தண்ணீரைப் பிடித்து, வடிகட்டி, மெதுவாக விடுகின்றன. அது ஒரு வேலை. அந்த வேலை நடக்கும்படி நிலத்தை வைத்திருப்பவருக்கு, பலன் பெறுகிறவர் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுப்பது. நிலத்தை வாங்குவது இல்லை. மானியமும் இல்லை. மானியத்தைக் கொடுத்துவிட்டு அரசு போய்விடும். இங்கே சொன்னபடி நிலம் இருந்தால்தான் அடுத்த தவணை.

தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது இதற்கு நேர் எதிரான வியாபாரம். 2000களின் தொடக்கத்தில் சென்னைக் குடிநீர் வாரியம் திருவள்ளூர் பக்கத்து விவசாயக் கிணறுகளில் இருந்து தண்ணீரை விலைக்கு வாங்கியது. நெல் போடுவதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று சிலர் பயிரையே விட்டார்கள். அங்கே காசு தண்ணீரை எடுத்துக் கொடுத்ததற்கு. இங்கே பேசுவது, தண்ணீரை இருக்க வைப்பதற்கு.

பாலம்பூர்: வருஷம் 10 ஆயிரம் ரூபாய்

இமாச்சலப் பிரதேசம், காங்க்ரா மாவட்டம். பாலம்பூர் நகரத்தின் ஒரு பகுதிக்குக் குடிநீர் கொடுத்தது போஹல் என்ற ஊற்று. மேலே இருக்கும் கிராமத்தார் விறகு, தழை, மேய்ச்சலுக்கு அந்தக் காட்டை நம்பியிருந்தார்கள். ஊற்றில் நீர் குறையத் தொடங்கியது. 2010இல் நகராட்சியும் கிராம வனக் குழுவும் ஒப்பந்தம் போட்டன. கிராமத்தார் ஊற்றின் மேல்பக்கக் காட்டைப் பாதுகாக்கணும், நகராட்சி ஆண்டுக்கு 10 ஆயிரம் ரூபாய் கொடுக்கணும். காலம் 20 வருஷம்.

10 ஆயிரமா? மாசத்துக்கு ஆயிரம் கூட வரவில்லையே என்று தோன்றும். சரிதான், தொகை மிகவும் குறைவு. ஆனால் இந்தியாவில் ஒரு நகராட்சி "எங்கள் குழாயில் வரும் தண்ணீருக்குப் பின்னால் உங்கள் உழைப்பு இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட அபூர்வமான இடங்களில் அது ஒன்று.

சுகோமாஜ்ரி: ஆடு மேய்த்தவருக்கும் பங்கு

இதைவிடப் பழைய கதை ஹரியானாவில். 1958இல் உருவாக்கப்பட்ட சண்டிகரின் சுக்னா ஏரி, 1970களில் வண்டலால் வேகமாகத் தூர்ந்துகொண்டிருந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், மலையடிவாரத்தில் சுகோமாஜ்ரி என்ற சின்ன ஊர். மொட்டைச் சரிவுகள், அதில் ஆடு மாடுகள்.

மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ரா அந்த ஊரோடு உட்கார்ந்து பேசினார். மேய்ச்சலை நிறுத்தச் சொன்னால் அவர்கள் எதைத் தின்பது? 1976இல் ஊருக்கென்று ஒரு சின்ன மண் அணை கட்டப்பட்டது. வயலுக்குத் தண்ணீர் வந்தது. பதிலுக்குச் சரிவில் மேய்ச்சலை ஊரே கட்டுப்படுத்தியது. வேலி போடவில்லை, ஊர்க்கட்டுப்பாடுதான் வேலி.

இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. தண்ணீரில் எல்லா வீட்டுக்கும் சம பங்கு, நிலம் இல்லாத வீட்டுக்கும். நிலமில்லாதவர் தன் பங்கை நிலம் உள்ளவருக்குக் கொடுத்துப் பலன் வாங்கிக்கொள்ளலாம். ஏன் இப்படி? ஆடு மேய்த்தவர்களில் பலர் நிலமில்லாதவர்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்றால் அவர்கள் ஏன் மேய்ச்சலை விடணும்? கல்வராயனுக்கு வரும்போது இந்தப் பாடம் வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில்?

நியூயார்க் நகரத்தின் குடிநீரில் சுமார் 90 சதவீதம் கேட்ஸ்கில், டெலவேர் மலைப்படுகைகளில் இருந்து வருகிறது. 1990களில் நகரத்துக்கு இரண்டு வழி இருந்தது. 600 கோடி டாலருக்கு மேல் செலவில் பிரம்மாண்டமான வடிகட்டும் நிலையம், அல்லது மேலே இருக்கும் பண்ணைக்காரர்களிடம் பேசி அழுக்கே இறங்காமல் பார்ப்பது. 1997 ஒப்பந்தத்தில் நகரம் இரண்டாவது வழியை எடுத்தது. ஓடைக்கரையில் மாடு இறங்காமல் வேலி, சாணத்தைச் சேமிக்கக் கிடங்கு என்று செலவை நகரம் ஏற்றுக்கொண்டது.

கல்வராயனுக்கு இன்னும் நெருக்கமானது சீனா. 1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம். செங்குத்தான சரிவில் உழுவதும் அதற்கு ஒரு காரணம் என்று அரசு முடிவுக்கு வந்தது. 1999 முதல் சரிவு நிலத்தில் பயிரை நிறுத்தி மரமோ புல்லோ வளர்க்கும் விவசாயிக்கு, யாங்சி படுகையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,250 கிலோ தானியம், கூடவே 300 யுவான் பணம். முதலில் தானியமாகவே கொடுத்ததைக் கவனிக்கணும். பயிரை நிறுத்து என்பவர், சாப்பாட்டுக்கு வழி சொல்லணும் இல்லையா?

கோஸ்டா ரிகா 1996இல் வனச் சட்டம் போட்டு, பெட்ரோல் வரியில் ஒரு பங்கை எடுத்துக் காடு வைத்திருக்கும் நில உரிமையாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. அங்கே காட்டுப் பரப்பு மீண்டது உண்மை. ஆனால் அதே சட்டம் காடழிப்பையும் தடை செய்தது. எனவே எவ்வளவு பலன் காசால், எவ்வளவு தடையால் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

கேரளாவும் தமிழ்நாடும்

2020 நவம்பரில் கேரள அரசு நெல் வயல் உரிமையாளர்களுக்கு 'ராயல்டி' கொடுக்க ஆரம்பித்தது. தொடக்கத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். வயலை மண் போட்டு மூடி மனையாக விற்காமல், வயலாகவே வைத்திருப்பதற்கு. நெல் வயல் மழைநீரைத் தேக்கி நிலத்தடிக்கு அனுப்புகிறது என்பதை ஒரு மாநில அரசு காசாக அங்கீகரித்தது அங்கேதான். ஏக்கருக்குப் பார்த்தால் அப்போது சுமார் 800 ரூபாய். மனை விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கே 2008 முதல் வயலை மூடுவதைத் தடுக்கும் சட்டமும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் தண்ணீருக்கென்று இப்படி நேரடியாக இல்லை. பக்கத்தில் வருவது 2021-22இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கம். விவசாய நிலத்தில் நட இலவச மரக்கன்று; இரண்டாம் ஆண்டில் இருந்து மூன்று வருஷத்துக்கு, உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு 7 ரூபாய். ஏக்கருக்கு 160 கன்று வைத்து எல்லாம் பிழைத்தால் ஆண்டுக்கு 1,120 ரூபாய். 'நட்டாயா' என்று கேட்காமல் 'பிழைத்ததா' என்று கேட்டுக் காசு கொடுப்பது நல்ல ஏற்பாடு. மூன்று வருஷத்தோடு நின்றுவிடுவதுதான் குறை.

மத்திய அரசு 2023 அக்டோபரில் பசுமைக் கடன் விதிகளை வெளியிட்டது. இந்தக் 'கடன்' வங்கிக் கடன் இல்லை, 'கிரெடிட்' என்பதன் தமிழாக்கம். அதில் நீர் பாதுகாப்பும் ஒரு பிரிவு. முதலில் விரிவான நடைமுறை வந்தது வனத்துறை நிலத்தில் மரம் நடுவதற்குத்தான்.

சரி, கோமுகிக்குக் காசு யார் கொடுப்பது?

ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது கற்பனைக் கணக்குதான், யாரும் அறிவித்த தொகை இல்லை.

அணைப் பாசனத்தில் 10 ஆயிரம் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு வருஷம் 100 ரூபாய். மொத்தம் 10 லட்சம். மேலே சரிவில் கல் வரப்பு போட்டு, குறுக்கே புல் வரிசை வைத்து, ஓடைக்கரையில் உழாமல் விடும் விவசாயிக்கு ஏக்கருக்கு 5,000 ரூபாய் என்றால், 200 ஏக்கருக்குத்தான் வரும். மலைக்கு இது ஒரு மூலை. ஆனால் எந்த 200 ஏக்கர் என்பதில்தான் விஷயம். ஓடையை ஒட்டிய செங்குத்துச் சரிவுகளைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் பலன், சமமான நிலத்தில் இரண்டாயிரம் ஏக்கருக்குக் கொடுத்தாலும் கிடைக்காது.

ஆயக்கட்டுக்காரர் 100 ரூபாய் கொடுப்பாரா? கரும்புக்கும் நெல்லுக்கும் அவருக்கே கட்டுப்படியாகவில்லை என்பார். நியாயம்தான். அதனால் அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. நகராட்சிக் குடிநீர், ஆலைகள், தூர்வார அரசு ஒதுக்கும் நிதி எல்லாவற்றில் இருந்தும் ஒரு பங்கு வரணும். வசூலிக்கவும் செலவழிக்கவும் புது அமைப்பு தேவையில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாசன விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. மேலே கிராம சபை, கீழே இந்தச் சங்கம் என்று இரண்டு பக்கமும் உட்கார ஆள் இருக்கிறது.

பட்டா இல்லாதவர் என்ன செய்வார்?

பெரிய சிக்கல் இதுதான். 'நில உரிமையாளருக்குப் பணம்' என்று திட்டம் போட்டால், அதிகாரி கேட்கும் முதல் தாள் பட்டா.

கல்வராயன் மலையின் நிலக் கதை சமவெளியைப் போல இல்லை. தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. ஜடய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர். அரசு எடுத்துக்கொண்டது 1976இல், அதாவது நாடு விடுதலை பெற்று 29 வருஷம் கழித்து. அதன் பிறகும் உழுகிற நிலம் வனத்துறை நிலமா, வருவாய்த்துறை நிலமா என்ற இழுபறி பல இடங்களில் தீரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வெளியே பலர் அப்போதுதான் கேட்டார்கள்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிர் செய்யும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தரச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இது நீதிமன்ற உத்தரவால் பல வருஷம் முடங்கிக் கிடந்தது. உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது 2016இல்.

அதே சட்டத்தின் 5ஆவது பிரிவை இந்த விவாதத்தில் யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் நீராதாரங்களும் பாதுகாக்கப்படுவதை உறுதி செய்யும் அதிகாரம், வன உரிமை பெற்றவர்களுக்கும் கிராம சபைக்கும் உண்டு என்கிறது அது. பொறுப்பைச் சட்டம் எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தப் பொறுப்புக்குச் சம்பளம் எழுதவில்லை.

எனவே கல்வராயனில் பட்டாவோடு வன உரிமைச் சான்றையும் ஏற்கணும். எதுவும் இல்லாதவருக்கு சுகோமாஜ்ரி மாதிரி ஊர்ப் பங்கு வேண்டும். கோஸ்டா ரிகாவில் கூட முதலில் உரிமை ஆவணம் கேட்டதால் சிறு விவசாயிகள் வெளியே நின்று, பிறகு விதியைத் தளர்த்த வேண்டி வந்தது. இங்கே அதையே திரும்பச் செய்தால், கீழே இருந்து நிலம் வாங்கிப் போட்டவருக்குக் காசும், உழுகிறவருக்கு 'இங்கே உழாதே' என்ற உத்தரவும்தான் போய்ச் சேரும்.

எங்கே சொதப்பும்?

மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. தைல மரம் மாதிரி வேகமாக வளரும் மரங்கள் நிலத்தடி ஈரத்தை நிறையக் குடிக்கும். அதற்குக் காசு கொடுத்தால் மண் நிற்கலாம், கோடையில் ஊற்று நிற்காது. மழை குறைந்த வருஷத்தில் அணை நிரம்பாவிட்டால் "காசு கொடுத்தோமே, தண்ணி எங்கே?" என்று கீழே சண்டை வரும். அதனால் ஒப்பந்தத்தில் எண்ண வேண்டியது தண்ணீரை இல்லை. வரப்பு நிற்கிறதா, புல் வரிசை இருக்கிறதா, ஓடைக்கரை உழாமல் இருக்கிறதா என்பதை.

மரவள்ளி விலை ஏறும் வருஷம்தான் நிஜப் பரீட்சை. 5,000 ரூபாய்க்காக ஒருவர் ஓடைக்கரையை விட்டுவைப்பார் என்று நம்பலாம், கிழங்கு விலை இரண்டு மடங்கானால் அந்த நம்பிக்கை இருக்காது. தொகையை விலையோடு சேர்த்துத் திருத்த வழி இல்லாத ஒப்பந்தம் முதல் நல்ல சீசனிலேயே கிழிந்துவிடும். மரவள்ளியை முழுக்க நிறுத்தச் சொல்வதும் நடக்காத காரியம். வரப்பு கட்டிய சரிவில் கிழங்கு போட்டால் மண் இறங்குவது குறையும். காசு அதற்குப் போனாலே போதும்.

தவணை தவறுவது இன்னொரு பயம். இரண்டு வருஷம் கொடுத்து மூன்றாம் வருஷம் நிறுத்தினால், முன்பு சும்மா காப்பாற்றிக்கொண்டிருந்தவரும் "காசு இல்லையா, அப்போ வேலையும் இல்லை" என்பார். பாலம்பூர் தொகை சின்னது என்றாலும் 20 வருஷம் என்று எழுதியது இதனால்தான். அந்த ஒப்பந்தக் காலம் 2030இல் முடிகிறது.

இப்போ கைவசம் என்ன இருக்கு?

கல்வராயன் மலையில் நிலம் வைத்திருப்பவர், பசுமைப் போர்வை இயக்கக் கன்றுகளுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம். இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா, எந்த மரம் கிடைக்கும் என்பதை வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் தெரியும். வன உரிமைக்கு மனு கொடுக்க வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ் இல்லை, கிராம சபை. அங்கே தீர்மானம் ஆகி, கோட்ட அளவிலான குழு வழியாக மாவட்டக் குழுவுக்குப் போகணும். மனு கொடுத்ததற்கு ஒப்புதல் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.